கபீர் சார் எண்ணிய வரிசை

அகமது கபீர் சார் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது 1984 சித்திரையில். வண்டியிலிருந்து இறங்கிய சாமான்களை ஜன்னலுக்கு உள்ளே நின்று எண்ணினேன். கட்டில் இரண்டு, தையல் மிஷின் ஒன்று, பாத்திர மூட்டை மூன்று, புத்தகப் பெட்டி பதினொன்று. பதினொரு பெட்டி புத்தகம் உள்ள குடும்பத்துக்கு ஒரே ஒரு மின்விசிறி. "இந்த ஆளு பொழைக்கத் தெரிஞ்ச ஆளு இல்ல" என்று அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஐயாதுரையிடம் சொல்லிவிட்டேன். அவர் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்பதைத் தவிர வேறு எதிலும் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளாதவர். "ம்" என்றார்.

அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் தங்கபாய்க்குச் சோறு தண்ணி வேண்டாம் என்று தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். எதிர்வீடு என்று ஒன்று இருந்தால் அதைப் பார்க்காமல் எப்படிக் கதவைத் திறப்பது?

சார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்தில் வேலை என்பதால் இங்கே குடித்தனம். கல்லூரி ஒன்பதரைக்கு. ஆனால் மனுஷன் காலை ஆறேகாலுக்கே சைக்கிளை எடுத்துவிடுவார். எட்டு மணிக்குத் திரும்புவார், குளிப்பார், மறுபடியும் போவார். ஒரு வாரம் பார்த்தேன். இது இரண்டாவது குடித்தனம்தான் என்று முடிவுகட்டி, அவர் மனைவி மாஜிதாவை நினைத்து இரண்டு நாள் மனசார வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் வீணாய்ப் போயிற்று.

"அந்தாளு எங்க மில் கேட்டுக்கு எதுக்க மலைச்சாமி டீக்கடையில உக்காந்திருக்காரு" என்றார் ஐயாதுரை.

"எதுக்காம்?"

"ஆள் எண்ணுதாரு."

"எந்த ஆள?"

"உள்ள எடுக்காம திருப்பி அனுப்புத ஆள."

மில்லில் நிரந்தரத் தொழிலாளிகள் போக, பதிலி என்று ஒரு கூட்டம் உண்டு. நிரந்தரக்காரன் லீவு போட்டால் அவன் மிஷினில் அன்றைக்கு ஒருநாள் நிற்கிறவன் பதிலி. எத்தனை பேர் லீவு என்பது சங்கு ஊதுகிற வரைக்கும் தெரியாது. ஆகவே பதிலிகள் எல்லோரும் காலை ஆறரைக்கே கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். ஏழு மணிச் சங்கு ஊதியதும் மேஸ்திரி வந்து பத்துப் பேரையோ இருபது பேரையோ கை காட்டுவார். மிச்சப் பேர் தூக்குச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். காலைச் சோற்றை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து தின்பார்கள். எங்கள் ஊரில் இது மழை வெயில் மாதிரி. இதைப்போய் ஒரு படித்த மனிதர் நாற்பது பக்க நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரையைப் பார்க்க அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே எடுத்த பதிலிகளின் எண்ணிக்கை வேண்டுமாம். டீயை வைத்துவிட்டு நானும் அங்கேயே நின்றுகொண்டேன்.

"என்ன சார் ஆராய்ச்சி?" என்று கேட்டேன். அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். டிஸ்ஈக்விலிப்ரியம். அதைத் திருத்தமாகச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார்.

"அக்கா, சந்தையில சாயங்காலம் தக்காளி மிஞ்சுனா என்ன செய்வாக?"

"விலையக் கொறைப்பாக."

"கொறைச்சா?"

"வித்துரும்."

"எங்க பாடப்புத்தகம் பூரா அந்தத் தக்காளிதான்க்கா. எல்லாத்துக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு எல்லாம் வித்துரும், ஒண்ணும் மிஞ்சாதும்பாக. ஆனா கேட்டுல ஆளு மிஞ்சுதானே? பாதிக் கூலிக்கு வாரேன்னு சொன்னாலும் உள்ள எடுக்க மாட்டாகளே? விலை எறங்காத எடத்துல ஆளுதான் திரும்பிப் போகணும்."

"சரி. போறான். அதுக்கு?"

"உள்ள குடோன்ல நூல் மூட்டை விக்காம கெடக்கு. வெளிய இவன் விக்காம நிக்கான். இவனுக்கு வேலை கெடைச்சா பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பான். சட்டை வித்தா நூல் போகும். நூல் போனா இவன உள்ள கூப்புடுவாக. ரெண்டு பக்கமும் தேவை இருக்கு. ஆனா யாரு மொதல்ல?"

"மொதல்ல கர்த்தர் கண்ணத் தொறக்கணும்" என்றேன்.

சார் சிரிக்கவில்லை. ஐயாதுரை பக்கம் திரும்பினார். "உள்ள போனவன் பேரு ஒங்க ரிஜிஸ்தர்ல இருக்கு அண்ணே. நாட்டுக் கணக்கு எல்லாமே அப்படித்தான், வித்ததையும் வாங்குனதையும் மட்டும் எழுதும். திரும்பிப் போனவன் பேரு எந்த ரிஜிஸ்தர்ல இருக்கு?"

ஐயாதுரை ரொம்ப நேரம் யோசித்தார். "அவனுக்கு எதுக்கு ரிஜிஸ்தர்?" என்றார்.

"அதுதான் அண்ணே என் தீசிஸ்."

அன்றிலிருந்து சனி, ஞாயிறு, பெருநாள், பொங்கல் எதையும் பார்க்காமல் மனுஷன் டீக்கடையில் உட்கார்ந்தார். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு எண்ணினார். காய்ச்சலோடு எண்ணினார். தான் அங்கே உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது என்பது அவருடைய எண்ணம். எங்கள் ஊரில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருத்தர் நோட்டும் பேனாவுமாக மில்லுக்கு எதிரே தினமும் உட்கார்ந்தால் காக்கா கூட நின்று பார்த்துவிட்டுப் போகும். ஒரு பொருளாதார நிபுணருக்கு அது தெரியவில்லை.

முதல் மூன்று வருஷமும் திரும்பிப் போனவர்கள் நாளைக்குச் சராசரி நாற்பது பேர். நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. இதெல்லாம் எனக்கு மாஜிதா சொல்லித் தெரியும். "இந்த தீசிஸ் எனக்கு முன்னாடியே வந்த சக்களத்திக்கா" என்பாள். தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தது அவள்தான். தீசிஸுக்கு 1983இல் மதுரையில் பதிவு செய்தாராம். இரண்டு தடவை கெடு நீட்டிக் கொடுத்தாகிவிட்டது. கடைசிக் கெடு 1991 டிசம்பர் முப்பத்தொன்று. அதைத் தாண்டினால் பதிவே ரத்து, எண்ணியதெல்லாம் குப்பை. அதற்கடுத்த மார்ச்சில் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். டாக்டர் பட்டம் இருந்தால் அந்த நாற்காலி இவருக்கு. இல்லாவிட்டால் இவரிடம் பி.ஏ. படித்து, வேகமாகப் பட்டம் வாங்கிவிட்ட ஒரு பையனுக்கு.

இனி 1987. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சுளுவாய் முடியும். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தெருக் குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்த கோடை அது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சீனியம்மாள். அவள் புருஷன் தனுஷ்கோடி முன்னாளில் பதிலி. மில் கொடுத்த பதிலி கார்டு இன்னும் கையில் இருந்தது. ஆனால் கேட்டில் நின்று அலுத்துப்போய், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பெரிய கூலி இல்லை, ஆனால் தினமும் உண்டு.

"எக்கா, ஒங்க எதுத்த வீட்டு சாரு தெனமும் என்னத்த எழுதுதாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை.

"வேலை கெடைக்காம திரும்புதவங்க கணக்கு. டெல்லிக்குப் போகுதாம்." டெல்லியிலிருந்து அவருக்கு ஒரு பெரிய தபால் உறை வந்ததை நான் பார்த்திருந்தேன். அதற்குள் ஏதோ பத்திரிகை இருந்தது என்பது பிறகுதான் தெரியும்.

"அனுப்புனா ஏதாச்சும் வருமாக்கா?"

"ஏட்டி, இம்புட்டுப் படிச்சவரு சும்மாவா எழுதுவாரு?"

இவ்வளவுதான் நான் சொன்னது. என் குடம் நிறைந்துவிட்டது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது லிஸ்ட் ஆகிவிட்டது. மறுநாள் டெல்லிக்காரன் நேரடியாக நிரந்தர வேலை கொடுக்கப்போகிற லிஸ்ட் ஆகிவிட்டது. வாரக் கடைசியில், ஒருநாள் விடாமல் நிற்கிறவனுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்று ஒரு விதியும் சேர்ந்துகொண்டது. அந்த விதியை நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

வரிசை எழுபது ஆயிற்று. தொண்ணூறு ஆயிற்று. அதே மாதத்தில் மில்லில் புது ஸ்பிண்டில் போட்டு ஒரு பகுதியை விரிவாக்கினார்கள். கபீர் சாருக்கு வேறென்ன வேண்டும்? சைக்கிளை நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் வாசலில் நின்று மாஜிதாவிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"மில்லு வளருது, வரிசையும் வளருது மாஜிதா! வளர்ச்சி வந்தா வரிசை கரைஞ்சிரும்னுதானே எல்லாரும் எழுதியிருக்கான்? இங்க நீளுதே!"

வரிசை ஏன் நீண்டது என்று எனக்குத் தெரியும். எதிரே நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து புடைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து 1989 ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். அன்றைக்கு மில்லில் பாதி நிரந்தரக்காரன் லீவு போட்டுவிட்டு வடம் பிடிக்கப் போய்விடுவான். ஆகவே கேட்டில் நிற்கிற பதிலி அத்தனை பேருக்கும் வேலை. வருஷத்தில் ஒருநாள் எங்கள் ஊரில் வேலையில்லாதவனே கிடையாது என்றால் அது தேரோட்ட நாள்தான். சார் முந்தின வருஷங்களிலும் தேர் நாளைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் நோட்டில் சைபர்.

அந்த வருஷம் சைபர் வரவில்லை. மேஸ்திரி ஆள் பற்றாமல் வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். "ஏலே, உள்ள வாங்கலே! மிஷினு சும்மா நிக்கு! ஒங்களுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமோ?" முப்பத்தாறு பேர் அசையவில்லை. தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவ்வப்போது டீக்கடைப் பக்கம் பார்த்திருக்கிறார்கள். பிறகு கலைந்து போயிருக்கிறார்கள்.

வேலை இல்லாமல் திரும்புகிறவனை எழுதத் தெரிந்த சாருக்கு, வேலை கூப்பிட்டும் போகாதவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு கண்டுபிடித்துவிட்டார். ரொம்ப நாள் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு ஒருநாள் வேலை மேல் நம்பிக்கை போய்விடுகிறதாம். நாளைக்கும் சட்டை வாங்க முடியும் என்கிற உறுதி இல்லாதவன் இன்றைக்கு உழைக்கவும் தயங்குகிறானாம். அதனால் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் சமநிலை வந்துவிடாதாம். இதை ஐம்பது பக்கம், நடுவில் கிரேக்க எழுத்தெல்லாம் போட்டு, தனி அத்தியாயமாக எழுதினார். மதுரையில் இருக்கும் அவருடைய கைடு அதைப் படித்துவிட்டு, இந்த ஒரு அத்தியாயத்துக்கே பட்டம் கொடுக்கலாம் என்றாராம். பெருநாளுக்கு மாஜிதா எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பியபோது சாரே கொண்டுவந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

1991 ஐப்பசியில் தீசிஸ் டைப் ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்பிஸ்ட் அடித்தார். அவர் மிஷினில் கிரேக்க எழுத்து கிடையாது. ஆகவே இடம் விட்டு அடித்து வைப்பார், சார் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய் அந்தப் பள்ளங்களைக் கறுப்பு மையால் நிரப்புவார். இன்னும் இரண்டு அத்தியாயத்துக்குத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனுஷ்கோடி வந்தான். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். சார் பேப்பர் படித்துக்கொண்டு வாசல் நாற்காலியில் இருந்தார்.

"சார், நான் தனுஷ்கோடி. தெரியும்லா?"

"முகம் தெரியும். கேட்டுல பாத்திருக்கேன். வா, உக்காரு."

அவன் உட்காரவில்லை. "நாலு வருசமா நிக்கேன் சார். ஒருநாள் கூடத் தப்பல. எங்க ஐயா செத்த அன்னைக்கும் வந்து நின்னுட்டுத்தான் கொள்ளி வைக்கப் போனேன். நீங்களே பாத்திருப்பீக."

"சரி."

"லிஸ்டு எப்ப சார் வரும்?"

"எந்த லிஸ்டு?"

தனுஷ்கோடி சிரித்தான். பெரிய மனிதர்கள் விளையாட்டாகப் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு. "தறிப் பட்டறையில ஆறு மணிக்கு வரச் சொன்னாக சார். கேட்டுல நின்னுட்டுப் போனா எட்டாயிரும். ரெண்டு வருசம் பொறுத்துப் பாத்தாக, பொறவு வேற ஆளப் போட்டுட்டாக. நான் ஒண்ணும் சொல்லல. லிஸ்டு வந்துரும்லான்னு இருந்துட்டேன். முந்தி ஒரு தேரன்னைக்கு மேஸ்திரி கூப்புட்டாரு பாருங்க, அன்னைக்கும் நான் உள்ள போகல சார்."

சார் பேப்பரைக் கீழே வைத்தார். "ஏன் போகல?"

"வேல கெடைச்சவன் பேர அடிச்சிருவீகள்லா? அந்த வருசந்தான் அந்தப் பேச்சு வந்துச்சு. அன்னைக்கு நின்னவன் பூரா அதுக்குத்தான் சார் நின்னான். ஒருநாள் கூலிக்கு ஆசப்பட்டு லிஸ்ட விடவா?"

வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் வெறும் கையால் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"இத யாரு ஒனக்குச் சொன்னா?" என்றார் சார். குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது.

தனுஷ்கோடி என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "தெருவே சொல்லுச்சு சார்" என்றான்.

அன்றைக்கு சார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவில்லை. மறுநாள் காலை கேட்டுக்குப் போய், எண்ணாமல், ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் இங்கே இல்லை என்றாலும் நீ வந்து நிற்பாயா? எத்தனை பேர் நிஜத்தில் வேலைக்கு நிற்கிறார்கள் என்று தெரிந்தால் மிச்சத்தைக் கழித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஆனால் ஏழு வருஷத்தில் சார் வாயைத் திறந்து கேட்கிற முதல் கேள்வி அது. இதுதான் இன்டர்வியூ என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

"வருவேன் சார்" என்றான் ஒருவன். "எந்நேரமும் வருவேன் சார்" என்றான் அடுத்தவன். மூன்றாமவன்தான் கெட்டிக்காரன். "வரணும்னாலும் சரி, வரக்கூடாதுன்னாலும் சரி. எதைன்னு சொல்லிருங்க சார்" என்றான்.

கடைசியில் சார் மலைச்சாமி கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றார். இதை ஐயாதுரை டைம் ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்தார்.

"லிஸ்டு எதுவும் கெடையாது! நான் கவர்மென்ட் ஆளு இல்ல! என் படிப்புக்காக எண்ணுனேன்! வேலை வேணும்கிறவங்க மட்டும் நில்லுங்க, மத்தவங்க வீட்டுக்குப் போங்க!"

"சரி சார்" என்று கூட்டம் மரியாதையாகச் சொல்லிற்று. ஒருவனும் நகரவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த அன்றைக்குத்தான் மண்ணெண்ணெய் இல்லை என்று போர்டு மாட்டுவார்கள் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒரு படித்தவர் பெஞ்சில் ஏறி நின்று இல்லவே இல்லை என்று கத்துகிறார் என்றால் லிஸ்ட் முடியப்போகிறது. மறுநாள் நூற்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். வன்னியம்பட்டியிலிருந்து சைக்கிளில் வந்தவனும் அதில் உண்டு.

சார் மதுரைக்குப் போய்க் கைடைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மத்தியானம் எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள்.

"ஒங்க கைடே சொல்லுதாகள்லா?" இது மாஜிதா. "எவன் கேட்டுல வந்து மறுபடி எண்ணப் போறான், பைண்டு பண்ணிக் குடுத்துருன்னு சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாரு."

"நீங்க என்ன பொய்யா எழுதுனீக? நின்னாக. எண்ணுனீக."

"நான் எண்ணுனதுனாலதான் நின்னாக."

"அம்புட்டுப் பேருமா?"

"அதுதான் தெரியலையே மாஜிதா. பாதிப் பேரா, கால்வாசியா, ஒருத்தனுமே இல்லையா? நான் சொன்னது சரியாக்கூட இருக்கலாம். மில்லு பெருத்ததாலயும் வரிசை நீண்டிருக்கலாம். இனிமே அதப் பிரிச்சு எடுக்கவே முடியாது. தெரியாதத எப்படி எழுத?"

"எட்டு வருசம் அதத்தானே எழுதுனீக."

அடுத்துத் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

1987க்குப் பிந்திய எண்ணிக்கையை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூன்று வருஷம். அதை வைத்துக்கொண்டு வளர்ச்சியைப் பற்றி ஒரு வரியும் சொல்ல முடியாதாம். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் சார் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மதுரைக்குத்தான் போகிறார், மனசை மாற்றிக்கொண்டார் என்று தெரு முழுக்கச் சந்தோஷப்பட்டது. நானே இரண்டு வீட்டில் சொன்னேன். மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து மஞ்சள் பையோடு இறங்கினார். டைப்பிஸ்டிடமிருந்து தாள் கட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான். அதை பீரோ மேல் வைத்துவிட்டு, மார்ச்சில் அந்தப் பையனுக்கு மாலை போட்டுக் கைகொடுத்தார். முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தக்காளி நடத்துகிறார்.

அவர் மஞ்சள் பையோடு இறங்கியதற்கு மறுநாள், புத்தாண்டு ஆராதனை முடிந்ததுமே மாஜிதாவைப் பார்க்கப் போனேன். கோவிலில் முழங்கால் போட்டபோது நானாகவே முடிவு செய்தது.

"மாஜிதா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம்க்கா." மிஷினை மிதிக்கிற கால் நிற்கவில்லை. "சீனியம்மா எங்கிட்டதான் ரவிக்கை தைக்கக் குடுக்கா. லிஸ்டப் பத்தி முந்தியே சொல்லிட்டா. யாரு சொன்னதுங்கதையும் சொல்லிட்டா."

"முந்தின்னா எப்ப?"

"அந்தத் தேர் வருசத்துக்கு முன்னாலயே."

"அப்ப நீ ஏன் அவியகிட்ட சொல்லல?"

"சொல்லிருவோம் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். அந்த அத்தியாயத்த எழுதி முடிச்சிட்டு வந்து நின்னாகள்லா, நீங்களும் பாத்தீகள்லா அந்த மூஞ்சிய? அதப் பாத்துட்டு எப்படிக்கா சொல்ல?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியாமலே முடிச்சிருவாகன்னு நெனைச்சேன். நாம ரெண்டு பேரும்தான்க்கா இதுல. அவிய காதுக்கு மட்டும் போக வேண்டாம்."

இப்படியாக என் வாழ்நாளில் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சார் கேட்டுக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் இல்லாதபோது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் என்ன? பழையபடி நாற்பது என்றால் எல்லாம் என் வாயால் வந்த வினை. அதற்கு மேல் என்றால் அவர் எழுதியது சரி. ஒரு நாள் காலை, ஐயாதுரை மறந்துவிட்டுப் போனதாகச் சொல்லி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மலைச்சாமி கடைக்குப் போனேன். ஏழு மணிச் சங்கு ஊதி, மேஸ்திரி ஆள் எடுத்து முடிந்ததும், மிஞ்சியவர்களை எண்ணினேன். தொண்ணூற்று ஏழு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை விரலை நீட்டி எண்ணினேன். தொண்ணூற்று ஏழுதான்.

"எக்கா, சாருக்குப் பதிலா இனிமே நீங்களா?" என்றான் வரிசையில் ஒருவன்.

"சும்மா பாக்க வந்தேன்லே" என்றேன்.

நேரே எதிர்வீட்டுக்கு ஓடினேன். சார் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"சார், தொண்ணூத்தேழு! நீங்க இல்லாமலே தொண்ணூத்தேழு!"

பம்பு நின்றது. தொண்ணூத்தேழு என்று அவர் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதத் தாள் தேடுகிறவர் போல நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க நின்னு எண்ணுனீங்கக்கா?"

"மலைச்சாமி கடையில."

"அவங்க ஒங்களப் பாத்தாங்களா?"

நான் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். சார் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு மறுபடி காற்றடிக்கத் தொடங்கினார். டயர் கல்லு மாதிரி ஆகிவிட்டது, அடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஏழு மணிச் சங்கு ஊதும்போது எங்கள் வாசலில் பதினாறு பேர் நின்றார்கள். கேட்டில் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து நேராக இங்கேயே வந்துவிட்டவர்கள். வரிசையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை. சீனியம்மாள்.

"நீ ஏண்டி வந்த?"

"அவுக ஆலங்குளத்துல சுண்ணாம்புக்கல்லு ஒடைக்கப் போயிருக்காகக்கா. நாள் விட்டுப்போச்சுன்னா பேர அடிச்சிருவாகள்லா? அதான் அவுகளுக்காக நான் நிக்கேன். தனுஷ்கோடின்னே எழுதிக்கோங்க."

லிஸ்டு எதுவும் கிடையாதடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினாறு பேரும் என் வாயையே பார்த்தார்கள். கபீர் சார் பெஞ்சில் ஏறி நின்று அதைச் சொன்னதற்கு மறுநாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.